உங்கள் லேப்டாப் பேட்டரி நலமா?

(மாணவி, மூன்றாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



மாணவர் பேரவை மலருக்குப் படைப்புகள் வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் பார்த்ததும் கவிதை எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அம்மாவைப் பற்றி நாலு வரி வந்தது. ஐந்தாவது வரியில் அம்மா எனக்காக வாங்கிய லேப்டாப் கடன் நினைவுக்கு வந்துவிட்டது. அதோடு கவிதை நின்றது. சரி, கவிதையைத் தமிழ் ஆர்வம் உள்ள தோழிகள் எழுதட்டும், நாம் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை எழுதுவோம் என்று இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குத்தூசி எடுத்த அப்பா

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா பஸ் ஸ்டாப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார். இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் கேட் லேபுக்கு வீட்டிலும் பழக வேண்டும் என்று ஒரு லேப்டாப் கேட்டேன். அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்து, 14,000 ரூபாய்க்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கித் தந்தார். கடனுக்கு 24 மாதத் தவணை. அடுத்து என் தம்பியும் டிப்ளமோ சேரப்போகிறான். அவனுக்கும் அதே லேப்டாப்தான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

பத்து மாதம்தான் ஆகியிருக்கும். மே மாத லீவில் டச்பேடை அழுத்தினால் 'க்ளிக்' ஆகவில்லை. மூடியை மூடினால் சரியாக உட்காரவில்லை. ஸ்க்ரூ லூசாகியிருக்கும் என்று நினைத்து அப்பா கடைக்கு எடுத்துப் போனேன். அப்பா அடிமூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த மூன்று வெள்ளி நிறப் பொட்டலங்களும் எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பியிருந்தன.

"காத்து ஏறிருக்கு தாயி. ஒரு குத்து குத்தி எறக்கிருவோம்" என்று சொல்லிக் குத்தூசியை எடுத்துவிட்டார் அப்பா. முப்பது வருஷமாகக் காற்றோடு வேலை பார்ப்பவர். அவருக்கு அது நியாயமாகத்தான் தோன்றியிருக்கும்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாம்ப்பா, குத்தக் கூடாது" என்றேன். லேபில் எப்போதோ சார் சொன்னது அரைகுறையாக ஞாபகம் இருந்தது.

"ஏன் தாயி?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை! மின்னியல் படிக்கிற பொண்ணு, இரண்டு வருஷம் முடித்தாகிவிட்டது, 'கூடாது' என்று தெரிகிறது, 'ஏன்' என்று தெரியவில்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் குத்தூசியைக் கீழே வைத்துவிட்டார். அந்த 'ஏன்'-க்குப் பதில் தேடி நான் படித்ததும், லேப் சாரிடம் கேட்டதும்தான் இந்தக் கட்டுரை.

பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது?

இன்றைய லேப்டாப்பிலும் செல்போனிலும் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. இதற்கு அடித்தளம் போட்டவர்கள் மூன்று பேர். 1970-களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் தொடங்கி வைத்தார். 1980-ல் ஜான் குட்இனஃப் லித்தியம் கோபால்ட் ஆக்ஸைடைக் கண்டு சொன்னார். 1985-ல் ஜப்பானின் அகிரா யோஷினோ பாதுகாப்பான மாதிரியை உருவாக்கினார். 1991-ல் சோனி நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது குட்இனஃபுக்கு வயது 97! அரியர் விழுந்தால் 'இனி என்ன' என்று உட்கார்ந்துவிடும் நாம் அவரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

செல்லுக்குள் ஒரு பக்கம் லித்தியம் கலந்த உலோக ஆக்ஸைடு பூசிய அலுமினியத் தகடு. மறுபக்கம் கிராஃபைட் பூசிய செம்புத் தகடு. இரண்டும் ஒட்டிவிடாமல் நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம். எல்லாம் ஒரு கரிமத் திரவத்தில் ஊறியிருக்கும். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குப் போய் அதன் அடுக்குகளுக்குள் உட்காரும். பயன்படுத்தும்போது திரும்பி வரும். காலையில் டவுன் பஸ் நம்மை காலேஜுக்குக் கொண்டுவந்து சாயங்காலம் ஊருக்குக் கொண்டுபோகிறதே, அதே மாதிரிதான்.

ஆனால் ஒவ்வொரு டிரிப்பிலும் ஒன்றிரண்டு பயணிகள் வழியில் தங்கிவிடுகிறார்கள். கிராஃபைட்டின் மேல் திரவம் சிதைந்து ஒரு மெல்லிய ஏடு படியும். அதில் கொஞ்சம் லித்தியம் மாட்டிக்கொள்ளும். அந்த ஏடு இல்லாமலும் செல் ஓடாது, அது தடித்துப்போனாலும் ஓடாது. பேட்டரிக்கு வயசாவது பெரும்பாலும் இப்படித்தான். நாம் நிறுத்த முடியாது, மெதுவாக்க முடியும்.

தாத்தா காலத்துப் பாடம்

லேப்டாப் வாங்கிய அன்று சீனியர் அக்கா ஒருவர், "ஜீரோ வரைக்கும் எறக்கு, அப்புறம் நூறு வரைக்கும் ஏத்து, அப்போதான் பேட்டரி நிக்கும்" என்றார். பத்து மாதமும் அதைத்தான் செய்தேன். அக்கா மேல் தப்பில்லை. அவருக்குச் சொன்னவர் அப்படிச் சொன்னார்.

அந்தப் பாடம் நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு உரியது. அந்த வகையை எப்போதும் பாதியில் நிறுத்திச் சார்ஜ் ஏற்றினால், பாதியையே முழுசு என்று அது பழகிவிடும் என்பார்கள். 'ஞாபகக் கோளாறு' என்று இதற்குப் பெயர். அதனால் அவ்வப்போது முழுக்க இறக்கச் சொன்னார்கள். லித்தியம் அயன் பேட்டரிக்கு அந்தக் கவலை தேவையில்லை. பேட்டரி மாறிவிட்டது, பாடம் மட்டும் வாய்வழியாக நம்மிடம் வந்துவிட்டது.

மூன்று எதிரிகள்

லித்தியம் அயன் பேட்டரிக்கு மூன்று எதிரிகள்: நிறைவு, வெறுமை, சூடு. இதைப் படித்தபோது எனக்குப் புத்தகத்தைவிட அப்பா கடையில் வேலைக்கு நிற்கும் பையனிடம் அவர் சொல்வதுதான் ஞாபகம் வந்தது.

"வெயில்ல நிக்கப்போற வண்டிக்குக் கல்லு மாதிரி காத்து அடிக்காதடா" என்பார். இது நிறைவு பற்றிய பாடம். ஒரு செல்லின் சாதாரண மின்னழுத்தம் 3.6 அல்லது 3.7 வோல்ட். 100 சதவீதம் ஏறும்போது அது சுமார் 4.2 வோல்ட்டுக்குப் போகும். அந்த உச்சத்தில் மணிக்கணக்காக, நாள்கணக்காக நிற்கும்போது உள்ளே இருக்கும் திரவம் வேகமாகச் சிதையும்.

"காத்தில்லாம உருட்டாத, ரிம்மு டியூப்பைக் கடிச்சிரும்" என்பார். இது வெறுமை பற்றிய பாடம். செல்லின் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கினால் செம்புத் தகடே கரையத் தொடங்கும். கரைந்த செம்பு பிறகு வேறு இடத்தில் படிந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகலாம். அதனால்தான் பேட்டரிக்குள் ஒரு காவல் சர்க்யூட் வைத்திருக்கிறார்கள். சுமார் 3 வோல்ட் அளவில் லேப்டாப் தானாக அணைந்துவிடும். ஆனால் அணைந்த பிறகும் சார்ஜ் துளித்துளியாகக் கசியும். ஜீரோவில் அணைந்த லேப்டாப்பை அப்படியே ஒரு மாசம் பீரோவில் வைத்தால், காவல்காரனும் காப்பாற்ற முடியாது.

மூன்றாவது சூடு. வேதிவினைகள் பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்று வேதியியலில் ஒரு தோராய விதி படித்திருப்போம். பேட்டரி கெடுவதும் வேதிவினைதானே! இந்த வகைச் செல்லைச் சார்ஜ் செய்ய வழக்கமான மேல் வரம்பு 45 டிகிரி. எங்கள் வீடு சிமெண்ட் ஷீட் கூரை. மே மாத மத்தியானம். மெத்தை மேல் லேப்டாப், காற்றுத்துளை மெத்தைக்குள். எப்போதும் பிளக்கில், எப்போதும் 100 சதவீதத்தில். நிறைவும் சூடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் என் அம்மாவின் கடனில் கற்றுக்கொண்டேன்.

பிளக்கில் போட்டே வைக்கலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. 'ஓவர் சார்ஜ் ஆகிவிடும்' என்ற பயம் வேண்டாம். சார்ஜ் கன்ட்ரோலர் முதலில் நிலையான மின்னோட்டத்தில் ஏற்றும், 4.2 வோல்ட் வந்ததும் அழுத்தத்தை நிலையாக வைத்து மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடும். முதல் முக்கால்வாசி சீக்கிரம் ஏறி, கடைசிப் பகுதி ஆமை மாதிரி ஏறுவது இதனால்தான். நிறைந்த பிறகு லேப்டாப் அடாப்டரிலிருந்தே ஓடும். ஆக, பிளக்கில் போட்டு வேலை செய்வது குற்றமல்ல. நாள் முழுக்க 100-ல், சூட்டில் நிறுத்துவதுதான் குற்றம்.

இதற்கு வழியும் இருக்கிறது. பல லேப்டாப்களில் 80 சதவீதத்துக்குப் பக்கத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி உண்டு. லெனோவோவில் 'கன்சர்வேஷன் மோட்', ஆசுஸில் 'பேட்டரி ஹெல்த் சார்ஜிங்' என்று பெயர். டெல், ஹெச்பி போன்றவற்றில் பயாஸ் செட்டிங்கிலும் பார்க்கலாம். மேஜையில் வைத்து வேலை செய்பவர்கள் இதைப் போட்டுவிடுங்கள். ஊருக்குக் கிளம்பும் நாளில் மட்டும் நூறு ஏற்றிக்கொள்ளுங்கள்.

கண்டுபிடித்தவர் பெயரே குட்இனஃப், அதாவது 'போதுமான நல்லது'. பேட்டரியும் அதைத்தான் கேட்கிறது: நிறைய வேண்டாம், போதும்!

தினசரிப் பழக்கங்கள்

1. 20-க்குக் கீழே இறக்காதீர்கள். தேவையில்லாமல் 80-க்கு மேல் ஏற்றாதீர்கள். பாதியில் எடுத்துப் பாதியில் போடுவதால் கெடுதல் இல்லை. இன்று 50, நாளை 50 செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்றுதான். சாதாரண லேப்டாப் பேட்டரி 300 முதல் 500 சுற்றுக்குப் பிறகு சுமார் 80 சதவீதக் கொள்ளளவுக்கு வரும் என்பது வழக்கமான கணக்கு.

2. மெத்தை, தலையணை, மடியில் விரித்த போர்வை வேண்டாம். ஒரு பலகை, ஒரு பரீட்சை அட்டை போதும். வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் லேப்டாப் வைக்காதீர்கள்.

3. திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். பேட்டரியை அதிகம் தின்பவற்றில் திரையும் ஒன்று. சார்ஜ் குறைவாகச் செலவானால் சுற்றும் குறையும்.

4. 'ஸ்லீப்' போட்டால் மெமரிக்கு மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். 'ஹைபர்னேட்' போட்டால் எல்லாவற்றையும் டிஸ்கில் எழுதிவிட்டு அணைந்துவிடும். டீ குடிக்கப் போகும்போது ஸ்லீப்; பஸ்ஸில் பையில் வைக்கும்போது ஹைபர்னேட் அல்லது ஷட் டவுன். பைக்குள் விழித்துக்கொண்ட லேப்டாப் அடுப்பு மாதிரி கொதிக்கும்.

5. லீவில் ஒரு மாசம் தொடமாட்டீர்கள் என்றால் 50 சதவீதம் அளவில் வைத்து, ஷட் டவுன் செய்து, வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

6. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், வாட் இரண்டும் பார்த்து வாங்குங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கி எர்த் இல்லாமல் போடாதீர்கள். லேப்டாப்பின் இரும்பு பாகத்தைத் தொட்டால் 'சுர்'ரென்று உணர்ந்திருக்கிறீர்களா? அடாப்டருக்குள் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர் வழியாக வரும் கசிவு அது. நல்ல எர்த் இருந்தால் அது பூமிக்குப் போய்விடும்.

எங்கள் அப்பத்தா நான் சார்ஜ் போடும்போதெல்லாம் "கரண்டு பில்லு ஏறுமே" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்கும் கணக்குப் போட்டேன். என் பேட்டரியில் 11.4 வோல்ட், 3,600 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருக்கிறது. 11.4-ஐ 3.6-ஆல் பெருக்கினால் சுமார் 41 வாட் மணி. அடாப்டரில் வீணாவதையும் சேர்த்து 50 என்று வைத்தால்கூட, 20 தடவை முழுசாக ஏற்றினால்தான் ஒரு யூனிட்! அப்பத்தா நம்பவில்லை. அது வேறு விஷயம்.

நாடி பிடித்துப் பார்ப்பது எப்படி?

விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, 'பேட்டரி ரிப்போர்ட்' என்பதை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் அடியுங்கள். ஓர் அறிக்கை உருவாகி, அது எங்கே இருக்கிறது என்றும் காட்டும். அதில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று 'டிசைன் கெபாசிட்டி', அதாவது பிறந்தபோது இருந்த கொள்ளளவு. இன்னொன்று 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி', அதாவது இன்று முழுசாக ஏற்றினால் கொள்ளும் அளவு. இரண்டாவதை முதலாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் பேட்டரியின் உடல்நலம் தெரிந்துவிடும்.

பழைய வாரங்களின் கணக்கும் அதிலேயே இருக்கும். என் லேப்டாப்பில் பார்த்தேன். டிசைன் 41,040 மில்லிவாட் மணி. நான் வாங்கிய வாரத்தில் 30,200, அதாவது 74 சதவீதம்தான். மே மாதத்தில் 19,700, அதாவது 48 சதவீதம். வாங்கும்போதே கால்வாசி போயிருக்கிறது. மீதியை நான் போக்கியிருக்கிறேன். கடையில் இந்த ஒரு வரியை அடித்துப் பார்த்திருந்தால், அம்மாவின் பணத்தில் பேரம் பேசியிருக்கலாம். பழைய லேப்டாப் வாங்கப் போகும் நண்பர்களே, தயவுசெய்து இதைப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.

வீங்கினால் என்ன செய்வது?

இப்போது அப்பாவின் 'ஏன்'-க்கு வருகிறேன்.

உள்ளே இருக்கும் திரவம் சிதையும்போது வாயு உண்டாகிறது. பொட்டலம் காற்றுப் புகாமல் ஒட்டியது, அதனால் உப்புகிறது. அதைக் குத்தினால் வெறும் காற்று மட்டும் வெளியே வராது. ஊசி அந்த மெல்லிய படலத்தைக் கிழிக்கும். இரண்டு தகடுகளும் ஊசி வழியாகவே ஷார்ட் ஆகும். சூடு கிளம்பும், சூட்டில் வினை வேகமாகும், வேகத்தில் இன்னும் சூடாகும். நிறுத்த முடியாத ஓட்டம் அது. அந்தத் திரவமோ பற்றி எரியக்கூடியது. புகையும் நச்சு. குத்தக்கூட வேண்டாம், உள்ளே ஒரு துளி உலோகத் துகள் இருந்தாலே ஆபத்து. 2006-ல் டெல் நிறுவனம் சோனி செல்கள் பொருத்திய சுமார் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. காரணம், செல்லுக்குள் கலந்துவிட்ட நுண்ணிய உலோகத் துகள்கள்!

ஆகவே வீக்கம் தெரிந்தால்:

உடனே பிளக்கைப் பிடுங்கி, லேப்டாப்பை அணையுங்கள். மறுபடி சார்ஜ் போடாதீர்கள். அழுத்தாதீர்கள், வளைக்காதீர்கள், குத்தாதீர்கள். துணி, பேப்பர், கேஸ் அடுப்புப் பக்கம் வைக்காமல் சிமெண்ட் தரையில் வையுங்கள். சர்வீஸ் தெரிந்தவரிடம் கழற்றக் கொடுங்கள். சூடு, புகை, விசித்திரமான வாசனை வந்தால் லேப்டாப்பைப் பார்க்காதீர்கள். ஆளை வெளியே கூட்டிக்கொண்டு போய் 101-க்குப் போன் செய்யுங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-ன்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கிறது. மின்கழிவு வாங்கும் மையத்திலும் கொடுக்கலாம்.

இன்னொரு விஷயம். 'வீங்கியிருந்தாலும் ஓடுதே, பரீட்சை முடியட்டும்' என்று தள்ளிப்போடாதீர்கள். டச்பேட் க்ளிக் ஆகாதபோதே நான் பத்து நாள் தள்ளிப்போட்டேன். அந்தப் பத்து நாளும் லேப்டாப் என் தம்பி படுக்கும் பாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

நிறைவாக...

புது பேட்டரி 2,600 ரூபாய் ஆனது. அப்பா கல்லாவிலிருந்து எண்ணிக் கொடுத்தார். அது எத்தனை பஞ்சர் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன், இங்கே எழுதவில்லை.

எல்லாம் படித்து முடித்த ஒரு ராத்திரி, கடை அடைத்த பிறகு, அப்பாவிடம் ஒரு பழைய டியூப்பைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் சொன்னேன். அயனி, கிராஃபைட் என்ற வார்த்தை இல்லாமல் சொல்ல வேண்டியிருந்தது. பரீட்சை எழுதுவதைவிடக் கஷ்டம்! அப்பா முழுக்கக் கேட்டார்.

"அப்போ எல்லாம் டியூப்பு மாதிரிதான். குத்தக் கூடாதுங்கிறது மட்டும் வேற. அப்படித்தான தாயி?" என்றார்.

"அப்படித்தான்ப்பா" என்றேன்.

இப்போது கடைக்கு யாராவது உப்பிய செல்போனைக் கொண்டுவந்து காட்டினால், "இதைக் குத்தக் கூடாது, தீப்பிடிச்சிரும்" என்று அப்பாவே காரணத்தோடு சொல்கிறார். என் லேப்டாப் 80-ல் நிற்கிறது, பலகை மேல் இருக்கிறது. தவணை இன்னும் முடியவில்லை. தம்பி கைக்குப் போகும்போது அறிக்கையில் என்ன எண் இருக்கும் என்று மாதம் ஒருமுறை பார்த்து நோட்டில் குறித்து வைக்கிறேன்.

நண்பர்களே, இன்று ராத்திரி உங்கள் லேப்டாப்பிலும் அந்த ஒரு வரியை அடித்துப் பாருங்கள். வீட்டில் யாராவது 'ஏன்' என்று கேட்டால், அவர்களுக்குப் புரிகிற வார்த்தையில் பதில் சொல்லுங்கள்.